மூணு லைட்டும் எரிஞ்சாத்தான் பச்சை

வா கண்ணு. திண்ணையில குக்கு. என்ன அது கையில, கண்ணாலப் பத்திரிகையா? லினக்ஸ் நிறுவல் வழிகாட்டியா! எத்தனை பக்கம்? நாப்பத்திரெண்டா? என்ற கண்ணாலப் பத்திரிகை ஒத்தைத் தாளு சாமி. அதைப் படிச்சுட்டு நானூறு பேரு நாளும் தப்பாம, ஊரும் தப்பாம வந்து, சாப்பிட்டு, மொய்யும் வெச்சுட்டுப் போனாங்க.

"வார்த்தையை மேம்படுத்தித் தாங்க அப்புச்சி"ங்கறே. ஏண்டா, பரண் மேல இருக்கற வார்த்தையை எப்படிக் கீழ இறக்கறதுன்னு கேப்பேன்னு பார்த்தா, இன்னும் மேல ஏத்தோணுங்கறியே? சரி, மொத வரியைப் படி.

"இவ்வாவணமானது இயங்குதள நிறுவல் செயல்முறையினை எளிமையான முறையில் விளக்குவதனை நோக்கமாகக் கொண்டுள்ளது."

சித்த நில்லு, மூச்சு வாங்கிக்கறேன். எளிமைன்னு சொல்ல வந்த வரியே தேராட்டம் அசைஞ்சு அசைஞ்சு வருது. இந்தத் தாளைக் கையில எடுக்கறவனுக்கு இது நிறுவல் தாளுன்னு தெரியாதா? இட்லிச் சட்டி மூடியில "இதில் இட்லி அவிக்கலாம்"னு ஆராச்சும் எழுதி ஒட்டறாங்களா? அந்த வரியை அடி. அடிச்சியா? இப்பத்தான் உன்ற தாளு மேம்பட ஆரம்பிச்சிருக்குது.

மாடு மேய்க்கற கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு உன்ற மூஞ்சி சொல்லுது. சொல்லட்டும். 2011-ல இருந்து அரசாங்கம் பசங்களுக்கு விலையில்லா மடிக்கணினி குடுத்துச்சில்ல? என்ற பேத்தி பன்னெண்டாவது படிக்கையில ஒண்ணு வந்துச்சு. கண்ணாலமாகிப் போறப்ப அதை அலமாரியிலயே உட்டுட்டுப் போயிட்டா. விண்டோஸ் திறக்கறதுக்குள்ள ரெண்டு மாடு கறந்துரலாம், அத்தனை வேகம். லினக்ஸ் போட்டா ஓடும்னு ஒரு பையன் சொன்னான். டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல டெபியன்ங்கற லினக்ஸ் போட்ட பென்டிரைவும், கூடவே ஜெராக்ஸ் தாளு ஒண்ணும் குடுத்தாங்க. எந்த சென்டர்னு கேக்காதே, சொல்லமாட்டேன்.

அந்தத் தாளுல ஏழாவது படி: "எஸ் என்பதைத் தேர்ந்து என்டர் அழுத்தவும்." அழுத்தினேன். சந்தோசமா தாளைத் திருப்பினேன். பின்பக்கத்துல எட்டாவது படி: "குறிப்பு: ஏழாவது படியில் வட்டில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், முன்னதாகவே நகலெடுத்து வைத்துக்கொள்வது நலம்."

நலமாம் நலம்! பேத்தியோட காதுகுத்துப் போட்டோ, அம்மிச்சி செத்துப்போறதுக்கு முந்தின பொங்கலுக்குப் புடிச்ச போட்டோ, எல்லாம் ஏழாவது படியோட போயிருச்சு. கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்னு கேள்விப்பட்டிருக்கியா? அதைத்தான் அந்த மகராசன் எட்டாவது படின்னு நம்பர் போட்டு எழுதியிருந்தான்.

நாயத்தைச் சொல்லிப்போடோணும். திரையில எச்சரிக்கை வந்துச்சு. நாந்தான் படிக்கல. ஏன் படிக்கல? தாளைப் படிச்சுட்டிருந்தேன். தாளை நம்பித்தானே டவுனுக்குப் போனது?

எந்திரி. மோட்டார் ரூமுக்கு வா, ஒண்ணு காட்டறேன்.

இந்தா, செவுத்தைப் பாரு. கரிக்கட்டியில எழுதியிருக்குது. போர் போட்ட வருசம் மோட்டார் மாட்ட வந்த எலக்ட்ரீசியன் எழுதினது. மூணே வரி. "மூணு லைட்டும் எரிஞ்சாத்தான் பச்சையை அமுக்கு. ஒண்ணு எரியலீன்னாலும் தொடாதே, மோட்டார் புகைஞ்சிரும். அமுக்கி அஞ்சு நிமிசத்துல தண்ணி வரலீன்னா சேப்பை அமுக்கிட்டு என்னைக் கூப்பிடு."

அவன் படிச்சது எட்டாவது. "மும்முனை மின்சாரத்தின் இன்றியமையாமை"ன்னு ஒரு அத்தியாயம் எழுதல. மொதல்ல எதைப் பார்க்கோணும்னு சொன்னான். அப்பறம் எதைச் செய்யோணும்னு சொன்னான். செய்யக்கூடாததை, கை பச்சைகிட்டப் போறதுக்கு முன்னாலயே சொன்னான். சரியா நடந்தா என்ன தெரியும், நடக்கலீன்னா என்ன பண்றதுன்னும் சொன்னான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு வந்தா, தூக்கக் கலக்கத்துல டார்ச்சைப் புடிச்சுட்டு வர்றவன் படிக்கற எழுத்து இது. உன்ற தாளையும் அப்படித்தானே படிப்பாங்க? பொட்டி ஒடைஞ்சு, நெஞ்சு படபடக்க, ஒரு கண்ணு தாளுல, ஒரு கண்ணு திரையில.

இதை நான் மட்டும் சொல்லல. ஐபிஎம் கம்பெனியில ஜான் கரோல்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு இருந்தாரு. 1980-கள்ல, புதுசாப் பொட்டி பழகறவங்களை உக்காத்தி வெச்சு, என்னதான் பண்றாங்கன்னு பார்த்தாரு. பார்த்ததை 1990-ல "நியூரம்பெர்க் புனல்"னு புத்தகமாப் போட்டாரு. தலையில புனலை வெச்சு அறிவை ஊத்தறதுன்னு ஜெர்மனியில ஒரு பழைய கேலி, அதுதான் அந்தப் பேரு. அவரு என்ன கண்டாரு? சனங்க கையேட்டை மொதல்ல இருந்து படிக்கறதே இல்லை. எடுத்த உடனே எதையாச்சும் அமுக்கிப் பார்க்கறாங்க, மாட்டிக்கிட்டாத்தான் தாளைத் தேடறாங்க. அவரு அவங்களைத் திட்டல. கையேட்டைச் சுருக்கினாரு. தப்பு நடந்தா அதை எப்படிக் கண்டுக்கறது, எப்படி மீள்றதுன்னு எழுதச் சொன்னாரு. உன்ற கூட்டம் என்ன பண்ணுது? "பயனர் பிழை"ன்னு சொல்லிட்டுப் போகுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

என்ன முழிக்கறே, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா? ஒரு பொட்டியை அழிச்சுப்போட்டு, ஒரு மாசம் அதும்முன்னால குக்கியிருந்தவனுக்கு எல்லாம் தெரியும். படி, அடுத்த பக்கம்.

"பார்ட்டிஷன் செய்யவும்." நம்மூர்ல பார்ட்டிஷன்னா என்னன்னு தெரியுமா? பாகப்பிரிவினை. பத்திர ஆபீசுல அண்ணந்தம்பி அத்தனை பேரும் கையெழுத்துப் போடோணும், அக்கா தங்கச்சி சம்மதம் வேணும், கெணத்துல எத்தனை பங்குன்னு பத்து வருசம் கோர்ட்டுக்கு நடக்கோணும். நீ ஒத்தை வரியில "செய்யவும்"ங்கறே! இப்படிச் சொல்லிப் பாரு: வட்டு ஒரு காடு. அதுல வரப்புப் போட்டு வயலாப் பிரிக்கறது பார்ட்டிஷன். ஃபார்மட்டுன்னா அந்த வயல்ல ஏரோட்டறது. வெள்ளாமை நிக்கற காட்டுல ஏரோட்டினா என்ன ஆகும்னு உன்ற பாட்டிக்குச் சொல்லித் தரோணுமா? அறுத்து வீடு சேர்த்துட்டு ஓட்டுன்னு சொன்னாப் போதும். பேக்கப்புன்னா என்னன்னும் அதுலயே அடங்கிருச்சு.

"மிர்ரரைத் தேர்ந்தெடுக்கவும்." எந்தக் கண்ணாடியைச் சொல்றே கண்ணு? செவுத்துக் கண்ணாடியா, மூக்குக் கண்ணாடியா? டெபியன் மொதல்ல நாட்டைக் கேக்கும், அப்பறம் ஒரு பட்டியலை நீட்டும். ஒண்ணொண்ணும் வாயில நுழையாத பேரு. தப்பா எடுத்தா என்ன ஆகுமோன்னு கை நடுங்கும். விசயம் என்ன? ரேஷன் கடைதான். எல்லாக் கடையிலயும் அதே அரிசி, அதே சக்கரை. பக்கத்துக் கடைக்குப் போனாச் சீக்கிரம் திரும்பலாம், அவ்வளவுதான். இதை எழுதிட்டு, "எதை எடுத்தாலும் கெட்டுப்போகாது"ன்னு ஒரு வரி சேர்த்துரு. பயந்தவனுக்கு அந்த வரிதான் சோறு. இந்தத் தாளு பூராவுல, எந்தப் படியில தப்புப் பண்ணினாத் திரும்பலாம், எந்தப் படியில திரும்ப முடியாதுங்கறதை நீ எங்கயாச்சும் சொல்லியிருக்கியா? நானும் தேடிப் பார்த்துட்டேன்.

"ஏஎம்டி64 கோப்பை இறக்கவும்." என்ற மடிக்கணினி மேல இன்டெல்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது. நமக்கானது இல்லைன்னு எத்தனை பேரு இந்த எடத்துலயே திரும்பிப் போயிருப்பாங்க? 64 பிட்டுக்கு அந்த வழியை மொதல்ல போட்டது ஏஎம்டி கம்பெனி. 2003-ல சில்லு வந்துச்சு. பின்னாலயே இன்டெலும் அதே வழியில வந்துச்சு. பேரு மட்டும் முந்தினவன் பேருலயே நின்னுருச்சு. எந்த மெசின்ல நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ்ங்கறமில்ல, அதே கதைதான். டெபியன் கையேட்டுல ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல போட்டு வெச்சிருக்காங்க. உன்ற தாளுலதான் காணோம்.

அடுத்து பாரு, "சும்மா இதை டைப் செய்தால் போதும்." சும்மாவாம்! உனக்குச் சும்மா. பனைமரம் ஏறறவன் "சும்மா ரெண்டு எட்டு எடுத்து வைங்க"ன்னு கீழ நிக்கறவனைப் பார்த்துச் சொன்னா எப்படி இருக்கும்? வந்துச்சுன்னா, சும்மா வந்ததுக்கு என்ன பெருமைன்னு தோணும். வரலீன்னா, சும்மா காரியம்கூட வரலியேன்னு கூசிப்போவான். ரெண்டுக்கும் ஆகாத வார்த்தை அது. கூகுள் கம்பெனி தன் ஆளுங்களுக்கு வெச்சிருக்கற எழுத்து விதியிலயே "சிம்ப்ளி", "ஈசி" மாதிரி வார்த்தை வேண்டாம்னுதான் போட்டிருக்குது. "தகுந்தவாறு அமைத்துக்கொள்ளவும்"ங்கறதையும் கூடவே கடாசு. அது சமையல் குறிப்புல "உப்பு தேவையான அளவு"ங்கற மாதிரி. ஆக்கத் தெரிஞ்சவளுக்குக் குறிப்பே வேண்டாம், தெரியாதவளுக்கு அந்த அளவுதான் வேணும்.

கடவுச்சொல் அடிக்கறப்ப கருப்புத் திரையில ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதியிருக்கியா? புள்ளிகூட வராது, நச்சத்திரம்கூட வராது. பொத்தான் கெட்டுப்போச்சுன்னு நான் கீபோர்டைக் கவுத்தி வெச்சுத் தட்டினேன். ஒரு சோளத் தட்டுத்துணுக்கு உழுந்துச்சு, எழுத்து வரல. கட்டளைக்கு முன்னால டாலர் குறி போட்டிருந்துச்சு, அதையும் சேர்த்து அடிச்சேன். அப்படி ஒரு கட்டளையே இல்லைன்னுருச்சு. "டாலரை அடிக்காதே"ன்னு ரெண்டு வார்த்தை எழுதறதுக்கு மை தீந்துபோச்சா?

கேட்டுச் சிரிக்காதே. 1994-லயே அமெரிக்காவுல இந்தக் கூத்து நடந்திருக்குது. "பிரஸ் எனி கீ"ன்னு திரையில வந்துச்சாம். எனிங்கற பொத்தான் எங்க இருக்குதுன்னு சனங்க போன் மேல போன் போட்டுக் கேட்டாங்களாம். காம்பாக் கம்பெனி, அதை "ரிட்டர்ன் பொத்தானை அமுக்கு"ன்னு மாத்தலாமான்னு ரோசனை பண்ணுச்சுன்னு பேப்பர்ல வந்துச்சு. அந்தச் சனங்க முட்டாளா? எந்த மாட்டை வேணா ஓட்டிட்டுப் போன்னு சொன்னா நீ எதை ஓட்டுவே? ஒண்ணைச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுது.

வார்த்தை எப்படி ஆளைக் கவுக்கும்னு இன்னொண்ணு சொல்றேன். வட்டு பூராத்தையும் எடுத்துக்கற காரியத்துக்கு டெபியன்காரங்க "வழிகாட்டலுடன், முழு வட்டையும் பயன்படுத்து"ங்கற மாதிரி ஒரு பேரு வெச்சிருக்காங்க. வழிகாட்டறேன்னு கையைப் புடிச்சா ஆரு வேண்டாம்பாங்க? உபுன்டுங்கற இன்னொரு லினக்ஸ்காரங்க அதே காரியத்துக்கு "வட்டை அழித்துவிட்டு உபுன்டுவை நிறுவு"ன்னு எழுதினாங்க. அழிக்கறதை அழிக்கறதுன்னு சொல்லிட்டாங்க. படிக்கறவன் கை தானா நின்னுரும். டெபியனையும் கொறை சொல்லிட முடியாது. அடுத்த திரையிலயே, இந்த வட்டுல இருக்கறதெல்லாம் போயிரும், ஆனா நீ உறுதி சொல்ற வரைக்கும் தொடமாட்டோம்னு தெளிவா ஒரு வரி இருக்குது. கடைசியில கேக்கறப்பவும் "வேண்டாம்"கறதுலதான் நிக்கும். அது மூணு லைட்டுக்காரன் புத்தி. நானாத்தான் எஸ்சுக்குத் தள்ளினேன், ஏழாவது படி சொல்லுச்சுன்னு.

டெபியன் நிறுவி தமிழ்லயே கேள்வி கேக்கும், தெரியுமா? ஆரோ புண்ணியவானுங்க காசு வாங்காம மொழிபெயர்த்து வெச்சிருக்காங்க. அவங்களைப் பத்தி ஒரு சொல்லும் எளப்பமாச் சொல்லமாட்டேன். நீ உக்காந்து பண்ணிப் பாரு, தெரியும். ஆனா உன்ற தாளுல "மீள்துவக்கம் மேற்கொள்க"ன்னு இருக்குதே, அது தமிழுன்னு ஆரு சொன்னா? "பொட்டியை அணைச்சுட்டு மறுபடி போடு"ங்கறது தமிழு. இல்லையா, "ரீஸ்டார்ட் பண்ணு"ன்னு எழுது, பால்காரனுக்கும் புரியும்.

ரூட் கடவுச்சொல்லு சங்கதியை நீ தொடவே இல்லை. அங்கதான் முக்காவாசிப் பேரு குழியில உழுவாங்க. ரூட்டுன்னா பொட்டிக்கே எசமான் கணக்கு. டெபியன் அதுக்கு ஒரு கடவுச்சொல் கேக்கும். அதைக் காலியா உட்டுட்டா, ரூட்டைப் பூட்டிட்டு, அடுத்துப் பேரு குடுக்கற உனக்கு சூடோங்கற அதிகாரத்தைக் குடுத்துரும். பொறுப்பான பையன்னு நெனைச்சு ஒண்ணைப் போட்டேன்னு வை, அந்த அதிகாரம் உனக்கு வராது. பொறவு எதுக்காச்சும் சூடோன்னு அடிச்சா, நீ பட்டியல்ல இல்லை, இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்னு வரும். எவ்வளவோ காலமா அப்படித்தான் வந்துச்சு. ஆருகிட்டப் புகார்? ஊட்டுல தனியா உக்காந்து பொட்டி தட்டறவன், போலீஸ் வந்துருமோன்னு வாசலை எட்டிப் பார்த்திருப்பான். 2023-ல வந்த சூடோ பதிப்புல அதைத் திருத்திட்டாங்க. நெசமாவே ஆருக்காச்சும் தபால் போனாத்தான் அந்த வரி வரும். ஒரு வரியைத் திருத்த அத்தனை வருசம்!

சில எடத்துல வார்த்தையை என்ன தேய்ச்சாலும் ஆகாது. முன்னெல்லாம் டெபியன் நிறுவியில வைஃபை சில்லை ஓட்டற ஃபர்ம்வேர்ங்கற மென்பொருள் இருக்காது. அதெல்லாம் சுதந்திர மென்பொருள் இல்லைன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. கொள்கை, வேண்டாங்கல. ஆனா சம்சாரி பாடு என்ன? வைஃபை ஓட ஃபர்ம்வேர் வேணும். ஃபர்ம்வேரை இறக்க நெட்டு வேணும். நெட்டுக்கு வைஃபை வேணும். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கண்ணாலம், கண்ணாலமானாத்தான் பைத்தியம் தெளியும்பாங்களே, அந்தக் கதை. இதுக்குப் பக்கம் பக்கமா விளக்கம் எழுதினாங்க. கடைசியில 2022-ல ஓட்டுப் போட்டாங்க. 2023 ஜூன்ல வந்த டெபியன் 12-ல இருந்து ஃபர்ம்வேர் நிறுவிக்குள்ளயே வந்துருச்சு. அத்தனை விளக்கமும் ஒரே நாள்ல வேலையில்லாமப் போச்சு. உன்ற தாளுல ஒரு படியை விளக்க ரெண்டு பக்கம் ஆகுதுன்னா, தாளை உட்டுட்டு அந்தப் படியைப் போய்ப் பாரு.

கடைசிப் பக்கத்துல என்ன, "வாழ்த்துகள்"ளா? எதுக்கு, கொழந்தை பொறந்திருக்குதா? அந்த எடத்துல உன்ற தாளுல தெரிஞ்ச குத்தம் என்னன்னு எழுது. 1971 நவம்பர்ல பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸுக்கு மொத கையேடு போட்டாங்க. அதுல ஒவ்வொரு கட்டளைக்குக் கீழயும் "பக்ஸ்"னு ஒரு தலைப்பு வெச்சு, இது இது இன்னும் சரியில்லைன்னு அவங்களே எழுதினாங்க. சந்தையில மாடு விக்கறவன், "இது ஒதைக்குமுங்க, வலப்பக்கம் நிக்காதீங்க"ன்னு தானாச் சொன்னா, அவன் சொல்ற மத்த எல்லாத்தையும் நம்புவியா மாட்டியா?

சரி, பொழுது போகுது. உனக்கு ஒரே வேலை. நாளைக்கு வெடியால அஞ்சரைக்குப் பால்காரப் பையன் வருவான். பத்தாவது வரைக்கும் படிச்சவன், பொட்டியைத் தொட்டதில்லை. உன்ற தாளை அவன் கையில குடுப்போம். அவன் படிச்சுப் படிச்சுப் பண்ணட்டும். நீ பின்னால குக்கியிரு. அவன் கை எந்த வரியில நிக்குதோ அந்த வரி மேல பென்சில்ல ஒரு புள்ளி வை. வாயைத் திறக்கக் கூடாது. "இல்லீங்ண்ணா, அது வந்து"ன்னு ஆரம்பிக்கத் தோணும். தோணற எடத்துலயெல்லாம் ரெண்டு புள்ளி வை. நீ வாயில சொல்ல வந்தது தாளுல இல்லைன்னு அர்த்தம்.

காப்பி நான் வெக்கறேன். உன்ற மடிக்கணினியைக் கொண்டா. அதுல இருக்கற போட்டோவை எல்லாம் இன்னிக்கு ராத்திரியே ஒரு பென்டிரைவ்ல ஏத்தி, ஊட்டுலயே வெச்சுட்டு வா.